நாலாவது தடவை யுவைட்டிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி), அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்
வணக்கம். முதல் தடவை கண் சிவந்தபோது மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாலு நாளை வீணாக்கியவன் நான். இப்போது நாலாவது தடவை, அதே இடது கண். டியூப்லைட் வெளிச்சமே ஊசியாகக் குத்துகிறது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து மணிக்கு ஒரு சொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த ஆறு வாரம் ஆகுமாம், நடுவில் கண் அழுத்தம் வேறு 26-க்கு ஏறிவிட்டது. அப்புறம் கண் பாப்பாவை விரிக்கும் ஹோமட்ரோபின் சொட்டு (அதனால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, இதை டைப் செய்வது என் தங்கை).

எச்எல்ஏ-பி27 (கண்ணிலும் முதுகெலும்பிலும் அழற்சி வருவதோடு தொடர்புள்ள மரபணு வகை) பாசிட்டிவ். காலையில் இடுப்பு விறைத்துக்கொள்கிறது என்றதும் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினார்கள், அவர் டிபி பரிசோதனை முடித்துவிட்டு அடாலிமுமாப் (நோய் எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கி அழற்சியைக் குறைக்கும் மருந்து) ஊசி போடலாம் என்கிறார். போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கண் வலி வருவது குறைந்ததா? செலவை எப்படிச் சமாளித்தீர்கள்?