அப்பாவின் வீட்டில் அப்பாயிக்கும் ஒரு பங்கு

அப்பா 2016-ல் திடீரென்று போய்விட்டார். உயில் இல்லை. கும்பகோணத்தில் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, வங்கியில் கொஞ்சம் டெபாசிட், ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. இரண்டிலும் அம்மாதான் நாமினி, பணம் தடங்கலில்லாமல் கைக்கு வந்தது, அதனால் வீடும் அம்மாவுக்குத்தானே என்று வீட்டு வரி ரசீதை மட்டும் அவர் பெயருக்கு மாற்றிவிட்டு நானும் தம்பியும் இருந்துவிட்டோம்.

2022-ல் மாடி எடுக்கக் கடன் கேட்டுப் போனோம். வங்கியின் வக்கீல் வாரிசுச் சான்றிதழில் விரலை வைத்து, "இந்த நாலாவது பெயர் யாருடையது, அவங்க எங்கே கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்றார். அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாயி. ஆறு வருடமாக பீரோவில் இருந்த தாள்தான், நாங்கள்தான் சரியாகப் படிக்கவில்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு (தகப்பனார் அந்த வகுப்பில் வரமாட்டார்). ஆக வீட்டில் அப்பாயிக்குக் கால் பங்கு. அவரோ 2019-லேயே காலமாகிவிட்டார், அவரும் எதுவும் எழுதவில்லை. அந்தக் கால் பங்கு மூன்றாகி ஒன்று அத்தைக்கு, ஒன்று சித்தப்பாவுக்கு, அப்பாவின் பாகம் எனக்கும் தம்பிக்கும். அதாவது எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு!

அத்தை திருச்சியிலிருந்து மஞ்சப்பையில் ஆதாரோடு வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாயியின் குத்துவிளக்கை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். சித்தப்பா எட்டு மாதம் இழுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சட்டம் கொடுத்த பங்கு அது. ஆனால் கடைசி மூன்று வருடம் அப்பாயி எங்கள் கூடத்து ஊஞ்சலில்தான் உட்கார்ந்திருந்தார், கேட்டிருந்தால் அன்றைக்கே கைநாட்டு வைத்திருப்பார், அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

நாமினி போட்டாச்சு என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது, 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) அதேதான் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.

இதெல்லாம் முடிந்ததும் அம்மாவை அவர் பங்கை எங்களுக்கு தான செட்டில்மெண்ட் எழுதச் சொன்னார்கள், குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்தான் என்று. அம்மா மறுத்துவிட்டார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, எழுதிக் கொடுத்த நிமிடமே அது கைமாறிவிடும். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டார், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்தும் வைத்தோம்.

சித்தப்பா இன்னும் வீட்டுக்கு வருவதில்லை. பொங்கலுக்கு நான் போன் செய்கிறேன், எடுக்கிறார்.