கார்ட்டினா 1600: கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் மூன்றையும் எந்த வரிசையில் பேலன்ஸ் பண்ணுவது?

சாட்ஸ்வர்த்_மார்க்2
வணக்கம். ஃபோர்ட் மார்க் 2 கார்ட்டினா கார், 1600 கிராஸ்ஃப்ளோ எஞ்சின். முழுவதும் பிரித்தாயிற்று. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 0.020 அங்குலம் அரைக்க வேண்டும், பிஸ்டன் நாலும் புதுசு, கிளட்ச் செட்டும் புதுசு. அதன் முனையில் பூட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் அங்கங்கே நீலம் பாய்ந்திருக்கிறது, அதையும் சீவ வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டினாலே கியர் லீவர் குமிழ் வரை நடுங்கும். வண்டி நிற்கும்போதும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி ஒரே தடவையில் பேலன்ஸ் பண்ணக் கொடுத்தால் போதாதா? மெஷின் ஷாப்பில் “பாப் வெயிட் உண்டா?” என்று வேறு கேட்டார்கள்.

டோங்காட்_லேத்
பாப் வெயிட் (பேலன்ஸ் பார்க்கும்போது பிஸ்டன்களின் எடைக்கு ஈடாகக் கிராங்கில் மாட்டும் எடை) வேண்டாம் தம்பி. நேர்வரிசை நாலு சிலிண்டரில் 1-ம் 4-ம் மேலே போகும்போது 2-ம் 3-ம் கீழே இறங்கும். ஒன்றின் எடை மற்றதை ஈடுகட்டிவிடும். கிராங்கை வெறுமனே சுற்றவிட்டுப் பார்க்கலாம். பாப் வெயிட் கேட்பது வி6, வி8 எஞ்சின்கள்.

ஒன்றாகப் பூட்டி ஒரே தடவையில் செய்வது மட்டும் கூடவே கூடாது. கிராங்கில் இருக்கும் குறையை ஃப்ளைவீலில் துளை போட்டுச் சரிக்கட்டிவிடுவார்கள். மெஷினில் அளவு சுத்தமாக வரும். நாளைக்குக் கிளட்ச் கவரை (பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பகுதி) மாற்றினால் போச்சு, மறுபடி நடுக்கம். வரிசை இதுதான்: முதலில் அரைப்பு, சீவல், ரிங் கியர் (ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல்வளையம்) மாற்றுவது என்று உலோகம் தொடும் வேலை எல்லாம் முடியட்டும். பிறகு கிராங்கைத் தனியாக, இரண்டு முனையிலும் அளந்து பேலன்ஸ் பண்ண வேண்டும். அது சரியானபின் சாவியோடும் (புல்லி நழுவாமல் தண்டில் பொருத்தும் உலோகத் துண்டு) போல்ட்டோடும் முன் புல்லியைப் பூட்டி, குறை தெரிந்தால் புல்லியில் மட்டும் எடுக்க வேண்டும். அடுத்து ஃப்ளைவீல், குறையை ஃப்ளைவீலில் மட்டும். கடைசியாகக் கிளட்ச் கவர், குறையைக் கவரில் மட்டும். எதைப் புதிதாகப் பூட்டினோமோ அதில்தான் கை வைக்க வேண்டும்.

நீலம் பாய்ந்த இடம் கடினப்பட்டிருக்கும். லேத் டூல் அதன்மேல் ஏறி இறங்கி மேடு விட்டுவிடும், பிறகு கிளட்ச் விடும்போது வண்டி உதறும். கல் வைத்து அரைக்கிற மெஷினில் கொடுங்கள்.

ஃப்ளைவீலைப் பூட்டும் முன் கிராங்க் முனையின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். நம்ம டர்பன் கடற்காற்றில் சீவிய உலோகம் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். அந்தத் துருப் பொடியோ சின்னப் பிசிறோ நடுவில் மாட்டினால் ஃப்ளைவீல் சாய்ந்துதான் உட்காரும். பூட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள், விளிம்பருகே 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_கென்ட்
அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பாப் வெயிட் வேண்டாம் என்பது நாலு பிஸ்டனும், அவற்றைக் கிராங்கோடு இணைக்கும் நாலு கன்ராடும் ஒரே எடையில் இருந்தால்தான் பொருந்தும். அதை வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம், 0.1 கிராம் காட்டும் தராசு போதும்.

பிஸ்டனை அதன் பின்னோடு (கன்ராடில் கோக்கும் உருளை) சேர்த்து நிறுங்கள். இருப்பதில் லேசானதுதான் அளவு. மற்ற மூன்றையும் அதற்கு இறக்குங்கள். வித்தியாசம் 1 கிராமுக்குள் வந்தால் போதும். உள்ளே பின் உட்காரும் மேட்டின் அடியில்தான் உலோகம் எடுக்க வேண்டும். தலையையும் பக்கச் சுவரையும் தொடாதீர்கள்.

கன்ராடில் மொத்த எடை மட்டும் ஒத்துப்போனால் போதாது. பெரிய முனை சுற்றுகிறது, சின்ன முனை ஏறி இறங்குகிறது. இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். சின்ன முனையை மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டு, பெரிய முனையைத் தராசில் வையுங்கள். ராடு மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். லேசாகத் தட்டி, அசைவு நின்றபின் எண்ணைக் குறியுங்கள். எடுத்து மறுபடி வைத்தால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் தொங்கல் எங்கோ உரசுகிறது. முதலில் பெரிய முனைகளை ஒன்றாக்குங்கள். அதற்கப்புறம் மொத்த எடையில் மிஞ்சும் வித்தியாசத்தைச் சின்ன முனையில் எடுங்கள். அரம் ராடின் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்குக் கீறல் விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பெரிய முனைத் தொப்பிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், எண் பார்த்து வையுங்கள்.

சாட்ஸ்வர்த்_மார்க்2
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். இன்னும் ஒன்று: ஃப்ளைவீலில் கவர் உட்காரும் டவல் பின் (சின்ன இரும்பு முளை) மூன்றில் ஒன்று காணோம். ஆறு போல்ட்டும் இறுக்கமாக இருக்கிறதே, அது போதுமா? கிளட்ச் பிளேட்டையும் கவரோடு சேர்த்தே கொடுக்கட்டுமா?

டோங்காட்_லேத்
போதாது. உங்கள் பழைய நடுக்கத்துக்கே அது காரணமாக இருக்கலாம். போல்ட்டின் வேலை இறுக்குவது. நடுவில் நிறுத்துவது டவலின் வேலை. கவர் 4 கிலோ என்று வையுங்கள். 0.1 மி.மீ. நகர்ந்து உட்கார்ந்தால் 400 கிராம்-மில்லிமீட்டர் குறை. 6,000 சுற்றில் சுமார் 16 கிலோ எடையின் இழுப்பு. ஒப்பிட்டுப் பாருங்கள்: பேலன்ஸுக்கான ஜி 2.5 தரத்தில், அதே வேகத்துக்கு, 8 கிலோ ஃப்ளைவீலுக்கு அனுமதி சுமார் 32 கிராம்-மில்லிமீட்டர்தான். பேலன்ஸ் கொடுப்பதற்கு முன்பே புது டவல் மூன்றும் அடித்துவிடுங்கள்.

ஃப்ளைவீலில் விளிம்போரமாக, பிளேட் உரசாத இடத்தில் துளை போடச் சொல்லுங்கள். 10 மி.மீ. ட்ரில்லால் 5 மி.மீ. ஆழம் இறங்கினால் வார்ப்பிரும்பில் 2.8 கிராம் போகும். ஆழமான ஒரு துளையைவிட ஆழமில்லாத இரண்டு நல்லது. கவரில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூடு பட்டால் கவருக்குள் இருக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங் விறைப்பை இழக்கும்.

கிளட்ச் பிளேட்டைச் சேர்க்கவே வேண்டாம். பெடலை மிதித்து விடும் ஒவ்வொரு தடவையும் அது வேறு கோணத்தில் பிடிக்கும். அதைத் தனியாக, பற்களில் ஆட்டமில்லாமல் பொருந்தும் தண்டில் மாட்டி, இரண்டு மட்டமான கத்தி முனைகள்மேல் உருட்டிப் பார்த்தால் போதும். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் கிராங்குக்கும் ஃப்ளைவீலுக்கும் ஒரு பஞ்ச் புள்ளி, ஃப்ளைவீலுக்கும் கவருக்கும் இரண்டு புள்ளி. பெயிண்ட் அடையாளம் வேண்டாம், கழுவும்போது போய்விடும். கிராங்கில் துளைத்த பொடி எண்ணெய்த் துவாரங்களில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு துவாரத்திலும் பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் பேரிங் போடாதீர்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஷெல்லைக் கீறிவிடும்.

மாரிட்ஸ்பர்க்_கென்ட்
ஓட்டிப் பார்க்கும்போது: கை பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி 3,000 வரை சில நொடி ஏற்றுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் குறை பிளேட்டிலோ கியர்பாக்ஸ் தண்டிலோ. நிற்காவிட்டால் கவரில், அல்லது அதற்கு முன்னால் எஞ்சின் பக்கம். டவல்கள் சம இடைவெளியில் இருந்தால், கவரைக் கழற்றி 120 டிகிரி திருப்பிப் போட்டுப் பாருங்கள். நடுக்கம் கூடினாலோ குறைந்தாலோ கவர்தான். ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது மட்டும் நடுங்கி, நின்ற இடத்தில் சுத்தமாக ஓடினால் எஞ்சினை விட்டுவிட்டு ப்ரொப்பெல்லர் தண்டையும் எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் பாருங்கள். நாலு சிலிண்டருக்கே உரிய, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வரும் மெல்லிய அதிர்வு எந்த பேலன்ஸிலும் போகாது. அதை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். எண்ணெய் ஊறிப் பழசாகியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.