அலுமினியத் தகட்டுக்கு பிறைமர்: றிவெற் அடிக்க முன்னா, பின்னா?

கல்லடி:
வீட்டில் கட்டும் விமானத்தின் வால்பகுதித் தகடு, 2024-ரி3 அல்கிளாட் (இரண்டு பக்கமும் சுத்த அலுமினியப் படை ஒட்டின கலப்புலோகத் தகடு), 0.5 மி.மீ. இங்க கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நீல பிளாஸ்ரிக் தாளோடயே சுவரில் சாத்தியிருந்தது. மூலையை உரிச்சால் வெட்டு விளிம்பில் வெள்ளைத் தூள், அடியில் சாம்பல் புள்ளி. எல்லாம் றிவெற் (தகடுகளை இணைக்கிற ஆணி) அடிச்சுப் பூட்டி முடிச்சிட்டு ஒரேயடியாய் பிறைமர் (பெயின்றுக்கு முந்தின அடிப்பூச்சு) அடிக்கலாமா அண்ணன்?

ஏறாவூர்:
பூட்டின பிறகு அடிச்சால் தகடும் றிப்பும் (உள்ளுக்குத் தாங்குற சட்டம்) ஒட்டுற இடத்துக்குள்ள பிறைமர் போகாது தம்பி. உப்பு ஈரம் போய் நிக்கிறதே அங்கதான். துளையிட்டு, பிசிறு எடுத்து, டிம்பிளும் (றிவெற் தலை மட்டமாய் இருக்க துளையைச் சுத்தி அமுக்குற பள்ளம்) போட்ட பிறகு, றிவெற்றுக்கு முன்னம் உள்பக்கம் அடிக்கவேணும். டிம்பிளுக்கு முந்தி அடிச்சால் டிம்பிள் போடேக்க துளையைச் சுத்தி பிறைமர் வெடிக்கும்.

நீலத் தாளை இண்டைக்கே முழுக்க உரியுங்க. அதுக்குள்ள ஈரம் பூந்தால் காயாது. புள்ளியில் நகத்தை இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினால் குழி விழுந்திட்டு. இந்தத் தடிப்பில் சுத்த அலுமினியப் படை ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது 25 மைக்ரோன்தான். அதைத் தாண்டினால் செம்பு கலந்த உள் உலோகம். அந்தத் தகட்டை மாத்துறதுதான் சரி. வெட்டு விளிம்பில் அந்தப் படையே இல்லை, அதுதான் அங்க தொடங்கியிருக்கு.

கல்முனை:
இரும்புக் கம்பித் தூரிகையால மட்டும் தேய்க்காதீங்க, இரும்புத் துகள் பதிஞ்சு அதுவே அரிப்பைக் கிளப்பும். மெரூன் ஸ்கொச்பிறைட்டால (நைலோன் தேய்ப்புத் தாள்) மினுக்கம் மங்குற அளவுக்கு மெல்லத் தேய்ச்சு, அசிற்றோனால துடைச்சு, தண்ணி ஊத்திப் பாருங்க. தண்ணி ஒரே படலமாய் விரிஞ்சு நிண்டால் சுத்தம். முத்து முத்தாய்த் திரண்டால் எண்ணெய் மிச்சம், திரும்பத் துடையுங்க. அதுக்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. காய்ஞ்ச உடனே, அண்டைக்கே, இரண்டு பாக எப்பொக்சி பிறைமர் மெல்லிசாய் ஒரு பூச்சு. தடிப்பாய் அடிச்சால் பாரம்தான் ஏறும்.

நேரம் முக்கியம். தகட்டின் சூடு பனிபடுநிலையை (காற்றின் ஈரம் தண்ணியாய்த் திரளுற வெப்பநிலை) விட 3 பாகை செல்சியசாவது கூட இருக்கவேணும். வாடைக்காற்று மாதங்களில் விடியப்புறம் தகடு வேர்க்கும், அப்ப வேண்டாம். கச்சான் காற்று வீசுற நாளில் பத்து மணிக்குப் பிறகு, புழுதி வராமல் மறைச்சு அடியுங்க.

கல்லடி:
அரிப்புத் தடுப்பு எண்ணெய் ஸ்பிரேயும் இருக்கு. அதை இப்பவே உள்ளுக்கு அடிச்சு விடலாமா?

ஏறாவூர்:
வேண்டாம். அது றிவெற் ஓரத்தால கசிஞ்சு வெளிய வரும், பிறகு பெயின்ற் பிடிக்காது. வெளிப்பக்கம் பெயின்ற் அடிச்சு நல்லாய் இறுகின பிறகுதான் எண்ணெய். கல்லடிக் காற்றுக்கு வருசம் ஒருக்கா திரும்ப அடிக்கவேணும். இன்னொண்டு: தகடு கழுவ உவர்க் கிணத்துத் தண்ணி எடுக்காதீங்க. கடைசி அலசல் காய்ச்சி வடிச்ச தண்ணியிலதான்.