சொந்தக் குதிரை இல்லாமல் பிள்ளையைக் குதிரையேற்ற டீமில் சேர்ப்பது (அமெரிக்கா)

மகள் குதிரையேற்ற டீமில் சேர ஆசைப்படுகிறாள், குதிரை வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வாங்கவும் வேண்டாம், லீஸுக்கு எடுக்கவும் வேண்டாம். இன்டர்ஸ்காலஸ்டிக் ஈக்வெஸ்ட்ரியன் அசோசியேஷன் என்று ஒன்று இருக்கிறது, ஐ.இ.ஏ. என்பார்கள். 2002-இல் தொடங்கியது, 4-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. குதிரை இல்லாத பிள்ளைகளும் போட்டியிட வேண்டும் என்பதற்காகவே இதன் விதிகளை அமைத்திருக்கிறார்கள்.

போட்டியை நடத்துகிற லாயமே குதிரைகளுக்கு ஏற்பாடு செய்துவிடும், சேணம் கடிவாளம் உட்பட. யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில் முடிவாகும். வீட்டில் சொந்தமாக நாலு குதிரை வைத்திருக்கும் பிள்ளையும் குலுக்கலில் வந்ததில்தான் ஏறியாக வேண்டும். ஹன்ட் சீட் பிரிவில் (ஆங்கில பாணிச் சேணத்தில் ஓட்டுவது, தடை தாண்டுவதும் இதில் உண்டு) நடுவர் மதிப்பெண் போடுவது குதிரைக்கு அல்ல, ஓட்டுகிறவருக்கு: குதிகால் இறங்கியிருக்கிறதா, கை அலைபாயாமல் இருக்கிறதா, முன்பின் தெரியாத குதிரையைப் பதறாமல் நடத்துகிறாளா என்று பார்ப்பார். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கே சாதகம் என்கிற பேச்சு இந்த விளையாட்டில் நிறைய உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் இந்த முறையில் அது பெருமளவு குறைகிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

போட்டியன்று காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். லாயத்து ஆட்கள் குதிரைகளைச் சிறிது ஓட்டிப் போட்டிக்குத் தயார்படுத்துவார்கள், பிள்ளைகள் வேலியோரம் நின்று கவனிப்பார்கள். எது சோம்பல், எது மூலைக்கு வந்ததும் வேகம் எடுக்கிறது, எதற்குக் கடிவாளத்தை இழுத்தால் பிடிக்காது என்பதெல்லாம் அந்த நேரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் தன் முறை வந்ததும் ஏறி, கால் வைக்கும் அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போக வேண்டியதுதான். அதனால் குதிரையேற்ற வகுப்பில் சேர்க்கும்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தவரை குதிரையை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லி. ஒரே சாதுவான குதிரையில் வருடக்கணக்கில் பழகிய பிள்ளை புதுக் குதிரையில் ஏறியதும் திணறிப்போகும்.

புதிதாகக் கற்கும் பிள்ளையை டீமில் எடுப்பார்களா என்ற தயக்கம் வேண்டாம். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் போட்டி, முதல் ஆறு இடங்களுக்கு 7, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். ஒவ்வொரு போட்டியிலும் யாருடைய புள்ளி டீம் கணக்கில் சேரும் என்பதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தடை தாண்டுகிற மூத்த பெண் வாங்கும் 7-ம், ஆரம்ப நிலையில் ஓட்டும் சின்னப் பெண் வாங்கும் 7-ம் டீமுக்கு ஒன்றுதான்! அதனால் ஆரம்ப நிலைப் பிள்ளைகளும் டீமுக்குத் தேவைப்படுவார்கள்.

உங்கள் பள்ளியில் டீம் இல்லாவிட்டால் பரவாயில்லை, லாயங்களே டீம் நடத்துகின்றன, வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் ஒரே டீமில் இருப்பார்கள். ஹன்ட் சீட், வெஸ்டர்ன் (கௌபாய் பாணி), டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்துவது) என்று மூன்று பிரிவு, பக்கத்து லாயத்தில் எது இருக்கிறதோ அதில் தொடங்கினால் போதும்.

செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாராந்திர வகுப்புக் கட்டணம்தான் பெரிய தொகை. அதற்கு மேல் உறுப்பினர் கட்டணம், போட்டிக் கட்டணம், பயிற்சியாளர் உடன் வருவதற்கான கட்டணம், வெளியூர்ப் போட்டி என்றால் ஹோட்டல். ஒரு சீசனுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்திலேயே கேளுங்கள், நல்ல லாயம் தயங்காமல் கொடுக்கும். பூட்ஸ், கோட், பேன்ட் எல்லாம் பழையது வாங்கலாம், பிள்ளைகள் வளர வளர டீமுக்குள்ளேயே கைமாறும். ஹெல்மெட் மட்டும் புதிதுதான், குதிரையேற்ற ஹெல்மெட்டுக்கான ஏ.எஸ்.டி.எம்., எஸ்.ஈ.ஐ. பாதுகாப்பு முத்திரை பார்த்து வாங்குங்கள், சைக்கிள் ஹெல்மெட் உதவாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உட்புறம் நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது, அதை மறுபடி போடக் கூடாது.

லாயம் தரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதும் படியுங்கள், விழுந்து அடிபட்டால் மருத்துவச் செலவு பெரும்பாலும் உங்கள் இன்சூரன்ஸில்தான் வரும். லாயத்துக்கு நேரில் போகும்போது மகளையும் கூட்டிப்போய் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளே குதிரையைத் தேய்த்து, குளம்பைச் சுத்தம் செய்து, சேணம் பூட்டுகிறார்களா என்று கவனியுங்கள். ஏறி இறங்க மட்டும் சொல்லித்தரும் இடம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.