ஸ்டேட்மென்ட்டில் 'ஏசிஹெச் டி', 'பி2எம்' என்றால் என்ன?

கேள்வி:
சேமிப்புக் கணக்கில் மூன்று வரிகள் புரியவில்லை. 'ஏசிஹெச் டி' 2,500 ரூபாய். அடுத்த மாதம் 'ஏசிஹெச் ரிட்டன் சார்ஜ்' 295. பிறகு 'யுபிஐ/பி2எம்' என்று ஒரு 12 இலக்க எண். விளக்குங்களேன்.

பதில்:
ஏசிஹெச் டி என்பது நாச் (தவணைகளைத் தானாக வசூலிக்கும் வங்கிகளின் பொது அமைப்பு) வழியாகத் தானாகப் போகும் பற்று. கடன் தவணை, எஸ்ஐபி (தவணை முறை ஃபண்டு முதலீடு), காப்பீட்டு பிரீமியம் என எதற்காவது மேண்டேட், அதாவது பணம் எடுத்துக்கொள்ள அனுமதி, கொடுத்திருப்பீர்கள். அதே வரியில் பணம் எடுத்த நிறுவனத்தின் பெயர் சுருக்கமாக இருக்கும், பாருங்கள். நிறுத்த வேண்டுமானால் மேண்டேட்டின் யுஎம்ஆர்என் எண்ணைக் குறிப்பிட்டு வங்கியில் ரத்துக்கு எழுதிக் கொடுங்கள். கடனாக இருந்தால் மேண்டேட்டை நிறுத்தினாலும் தவணை பாக்கியாகவே நிற்கும், கவனம்.

பதில்:
295 என்பது 250 கட்டணம், அதற்கு 18% ஜிஎஸ்டி 45. தவணை நாளில் இருப்பு போதாமல் பற்று திரும்பியிருக்கிறது. முதல் நாள் மாலைக்குள் பணம் போட்டுவிடுங்கள். அன்றே போடலாம் என்று இருந்தால், நீங்கள் போடுவதற்குள் பற்று வைக்க முந்திக்கொள்வார்கள்.

பதில்:
12 இலக்கம் ஆர்ஆர்என், அதாவது அந்தப் பரிவர்த்தனையின் குறிப்பு எண். பி2எம் கடைக்குக் கட்டியது, பி2ஏ ஒருவர் கணக்குக்கு அனுப்பியது. பணம் போய்ச் சேரவில்லை என்றால் புகாரில் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். நெஃப்ட் பரிமாற்றத்துக்கு இதேபோல் 16 எழுத்துக் குறிப்பு எண் (யுடிஆர்), ஆர்டிஜிஎஸுக்கு 22. நீங்கள் செய்யாத பற்று என்றால் உடனே வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் சொல்லுங்கள்.