'பிறப்பிடப் பெயர்' என்னும் கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் வட்டார உணவுப் பெயர்களுக்கு வழங்கும் பி.டி.ஓ. (Protected Designation of Origin), பி.ஜி.ஐ. (Protected Geographical Indication) ஆகிய இரு தகுதிகளையும் 'புவிசார் குறியீடு' என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பதிவு கிடைத்தபோது நாளிதழ்கள் எழுதிய அந்தச் சொல் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இந்தியச் சட்டத்தில் ஒரே வகைதான் உண்டு என்பதால் இங்கு ஒரு சொல்லே போதும். ஐரோப்பாவின் 1992ஆம் ஆண்டு விதியோ இரண்டு வகைகளை வகுத்தது. அவற்றின் வேறுபாடு மறைந்தால், படிப்பவருக்கு அந்தச் சட்டமே விளங்காது.

பி.டி.ஓ. பெறும் உணவின் ஆக்கம் முழுவதும் குறித்த வட்டாரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் கறப்பதும், அதை உறைய வைப்பதும், குறைந்தது 12 மாதம் முதிரவிடுவதும் வட இத்தாலியில் வரையறுக்கப்பட்ட பகுதியில்தான். பி.ஜி.ஐ.க்கு ஏதேனும் ஒரு படிநிலை அங்கு நடந்தால் போதும். 2011இல் பதிவான கார்னிஷ் பேஸ்டி என்னும் தின்பண்டத்தை இங்கிலாந்தின் கார்ன்வாலில் பூரணம் வைத்து மடித்தாக வேண்டும். அடுப்பில் சுடுவதை வேறிடத்திலும் செய்யலாம். ஆகவே பி.ஜி.ஐ.யைக் 'காப்புற்ற புவிசார் குறியீடு' என்றும், பி.டி.ஓ.வைக் 'காப்புற்ற பிறப்பிடப் பெயர்' என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன்.

பி.டி.ஓ.வைத் 'தோற்றப் பெயர்' என்றால் பலருக்கு உருவத் தோற்றமே நினைவுக்கு வரும். 'இடப்பெயர்' என்பதும் பொருந்தாது என்பதற்கு ஃபெட்டா என்னும் பாலாடைக்கட்டியே சான்று. துண்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த அப்பெயரில் எந்த ஊரும் இல்லை. 1996இல் கிரேக்கத்துக்கு உரியதாக அது பதிவானது. டென்மார்க், ஜெர்மனி, பிரான்சு ஆகிய நாடுகள் வழக்காடியதால் 1999இல் அப்பதிவு நீக்கப்பட்டது. 2002இல் மீண்டும் பதிவானதை 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது. பிற நாட்டு ஃபெட்டாக்களும் தம் உறைகளில் கிரேக்கப் பண்பாட்டை நினைவூட்டியே விற்கப்பட்டன என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. பெயருக்குள் இடம் இல்லாவிட்டாலும், பெயர் ஓர் இடத்தைச் சுட்டினால் போதும் என்னும் இந்த நுட்பத்தைப் 'பிறப்பிடப் பெயர்' நன்றாகவே தாங்குகிறது.

'உரிமை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். காப்புரிமையைப் போல இதற்குத் தனி உடைமையாளர் இல்லை. உற்பத்தியாளர் குழு விண்ணப்பித்து, தம் நாட்டு அரசின் ஆய்வையும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வையும் எதிர்ப்புக்கான கால அவகாசத்தையும் கடந்து பதிவு பெற்றபின், அந்த வட்டாரத்தில் வரையறைப்படி செய்யும் எவரும் அப்பெயரைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு சொல்லுக்கும் உங்கள் கருத்தை வேண்டுகிறேன். 2008இல் ஜெர்மனி தொடர்பான வழக்கில், 'பார்மிசான்' என்னும் பெயர் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை மனத்தில் எழுப்புகிறது, ஆகவே அதற்கு எதிராகவும் காப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. இப்படி ஒரு பெயர் இன்னொன்றை மனத்தில் எழுப்புவதை (evocation) 'நினைவூட்டல்' என்றால், தவணை கட்டச் சொல்லி வரும் கடிதம் போல ஒலிக்கிறது. 'சாயற்பெயர்' என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். ஆனால் ஒலிச்சாயல் சிறிதும் இல்லாமல், உறையிலுள்ள படத்தால் மட்டும் அந்த எண்ணம் எழும்போது அச்சொல் போதவில்லை.