வகுத்தல் சுற்றின் வெளியீடு 15 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது, சப்ளையில் தப்பா?

கேள்வி:
எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிம்யுலேஷன் மென்பொருளில், ஒரு வோல்டேஜை இன்னொன்றால் வகுக்கும் அனலாக் வகுத்தல் சுற்று வரைந்திருக்கிறேன். டிஎல்081 ஓப்-ஆம்ப்பின் (இரு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெரிதாக்கும் ஐசி) பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பும் வழியில், ஏடி633 மல்டிப்ளையர்; இது வெளியீட்டையும் பகுதியையும் (வகுக்கும் வோல்டேஜ்) பெருக்கி 10-ஆல் வகுக்கும் ஐசி. தொகுதி (வகுபடும் வோல்டேஜ்) ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓப்-ஆம்ப்பின் மைனஸ் உள்ளீட்டுக்கு வருகிறது, மல்டிப்ளையரின் வெளியீடும் இன்னொரு 10 கிலோ ஓம் வழியாக அதே முனைக்கு. பிளஸ் உள்ளீடு கிரவுண்டில். கணக்குப்படி வெளியீடு = −10 × தொகுதி ÷ பகுதி. தொகுதி 2 வோல்ட், பகுதி 4 வோல்ட் கொடுத்தால் −5 வர வேண்டும். ஆனால் எந்த மதிப்பைக் கொடுத்தாலும் 15 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. ரெசிஸ்டர், மாடல் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். சப்ளைக்கு இரண்டு 15 வோல்ட் சோர்ஸ்தான், அதில் என்ன தப்பு வரப் போகிறது?

பதில் 1:
அதில்தான் வரும். ரெசிஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு ஐசியின் சப்ளை பின்களிலும் நேராக புரோப் வைத்துப் பாருங்கள், சோர்ஸில் வேண்டாம், பின்னில். மைனஸ் சோர்ஸைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு மதிப்பிலும் −15 என்று எழுதியிருந்தால் இரண்டு மைனஸும் சேர்ந்து பிளஸ் ஆகிவிடும். இரண்டு சோர்ஸும் சேரும் நடுப்புள்ளி கிரவுண்டில் இருக்கிறதா, முனைக்கு வைத்த பெயர் லேபிள் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு முனை, பின் அந்தரத்தில் தொங்கும்.

அதோடு ஏடி633-இன் இசட் பின்னைச் சும்மா விட்டிருக்கிறீர்களா? வெளியீட்டோடு கூட்டப்படும் உள்ளீடு அது, உங்கள் சுற்றில் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பெருக்கும் உள்ளீடுகளின் மைனஸ் பின்களான எக்ஸ்2, ஒய்2 இரண்டும் அப்படியே கிரவுண்டுக்குத்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மல்டிப்ளையரை எடுத்துவிட்டு ஒரு பிவி சோர்ஸ் (நாம் எழுதும் சூத்திரப்படி வோல்டேஜ் தரும் சோர்ஸ்) போட்டு, வெளியீட்டையும் பகுதியையும் பெருக்கி 10-ஆல் வகுக்கும்படி எழுதுங்கள். அதற்குச் சப்ளையே வேண்டாம். அப்படி ஓடினால் தப்பு மல்டிப்ளையர் பக்கம் என்று தெரிந்துவிடும்.

கேட்டவர்:
மைனஸ் பின்னில் +15 காட்டியது! நீங்கள் சொன்ன மாதிரியே சிம்பலையும் திருப்பி, மதிப்பிலும் மைனஸ் போட்டிருக்கிறேன். இரண்டு நாள் இதற்கே போய்விட்டது. இசட் பின் கிரவுண்டில்தான் இருந்தது. இப்போது −5-க்கு மிக அருகில் வருகிறது, ரொம்ப நன்றி. ஆனால் பகுதியை 4-இலிருந்து −4 வரை மெதுவாக இறக்கினால், பாதியில் −13 பக்கம் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. சப்ளையை மறுபடி பார்த்தேன், ±15 சரியாக இருக்கிறது.

பதில் 2:
இது சப்ளை இல்லை, இந்தச் சுற்றின் குணமே இதுதான். பகுதி 1 வோல்ட்டுக்கு வரும்போதே கணக்கு −20 கேட்கிறது, ±15 சப்ளையில் அது எப்படி வரும்? அதனால் −13-இல் முட்டுகிறது. அப்புறம் பகுதி −4 ஆனதும் என்ன நடக்கிறது என்று கையால் போட்டுப் பாருங்கள்: −13 × −4 ÷ 10 = +5.2. தொகுதி 2 வோல்ட். இரண்டு ரெசிஸ்டரும் சமம் என்பதால் மைனஸ் உள்ளீட்டில் (2 + 5.2) ÷ 2 = 3.6 வோல்ட். மைனஸ் உள்ளீடு பிளஸ்ஸாக இருந்தால் ஓப்-ஆம்ப் இன்னும் கீழேதான் தள்ளும். பகுதியின் குறி மாறியதால் பிழையைக் குறைக்கும் எதிர்ப்பின்னூட்டம், பிழையை வளர்க்கும் நேர்ப்பின்னூட்டமாகிவிட்டது. +5 என்ற சரியான விடை இருந்தும் சுற்று அங்கே போகவே போகாது. பகுதியைத் திரும்ப 4-க்குக் கொண்டுவாருங்கள், தானாக விடுபடும்.

ஆகவே பகுதி எப்போதும் பிளஸ்ஸாக இருக்க வேண்டும். மைனஸ் பகுதியும் வேண்டுமென்றால், அது மைனஸாகும்போது தொகுதி, பகுதி இரண்டின் குறியையும் மாற்றிக் கொடுங்கள், விடை மாறாது.

பகுதியை ரொம்பச் சிறிதாக்கவும் வேண்டாம். மல்டிப்ளையரின் வெளியீட்டில் 5 மில்லிவோல்ட் ஆஃப்செட் (பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் வரும் சிறு வோல்டேஜ்) இருந்தால், பகுதி 0.1 வோல்ட்டாக இருக்கும்போது அது 100 மடங்காகி விடையில் அரை வோல்ட் பிழையாக வந்து நிற்கும். வேகமும் அதே விகிதத்தில் குறையும்.

பதில் 1:
போர்டில் கட்டப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. சிம்யுலேஷனில் சப்ளை அப்பழுக்கில்லாதது, அதனால் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. போர்டில் ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் பக்கத்திலேயே ஒன்று கட்டாயம் வேண்டும். +15, −15 தரும் ரெகுலேட்டர் ஐசிகளான 7815, 7915 இரண்டுக்கும் பின் வரிசை வேறு, 7815-இல் நடுப்பின் கிரவுண்ட், 7915-இல் நடுப்பின் உள்ளீடு. ஏடி633-உம் எட்டுக் கால் டிப்பில் ஒரு வரிசை, போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறிய எஸ்ஓ பேக்கேஜில் வேறு வரிசை, வாங்கியது எது என்று பார்த்துவிட்டு சால்டர் வையுங்கள்.